ஊட்டி போன்ற மலையூரில் அசையும் நீரூற்றுச் சிற்பம் தொடர்ந்து ஓடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இரும்பு உருவங்கள் ஒரு தொட்டிக்குள் நின்றுகொண்டு தலையாட்டி, கைவீசி, தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பதை வீடியோவில் பார்த்தீர்கள். அதுபோல ஒன்றை ஊட்டி சேரிங்கிராஸ் சந்திப்பில் வைக்க முடியுமா, எவ்வளவு செலவாகும் என்கிறீர்கள். அதோடு கடைசியில், "நம்ம ஊரில் வைத்தால் ஆறே மாதத்தில் நின்றுவிடாதா?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. நான் சிற்பி இல்லை. குன்னூர்ப் பக்கம் தேயிலை ஃபேக்டரி இயந்திரங்களில் வேலை பழகி, பிறகு பம்பு, குழாய், பூங்கா நீரூற்று என்று காலம் தள்ளியவன். அதனால் எது அழகு என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன், எது ஓடும் என்று மட்டும் சொல்கிறேன். ஓடும். ஆனால் பாசலில் இருப்பதை அப்படியே எடுத்து வந்து வைத்தால் ஓடாது. மலையூரில் தண்ணீரை மேலே வீசி எறியும் ஆசையை விட்டுவிட்டு, அது கீழே இறங்கும்போது அதனிடம் வேலை வாங்க வேண்டும். என் பதிலின் சாரம் அவ்வளவுதான், மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

முதலில் நீங்கள் பார்த்த நீரூற்றைப் பற்றி. அதைச் செய்தவர் ழான் டாங்கிலி என்ற சுவிஸ் சிற்பி. 1977இல் திறந்தார்கள். பாசலின் பழைய நகர அரங்கத்தை இடித்த இடம் அது. அரங்கின் மேடை இருந்த இடத்திலேயே ஆழமில்லாத ஒரு தொட்டியைக் கட்டி, அதில் பத்து உருவங்களை நிறுத்தினார். அந்த உருவங்களில் பழைய மேடை இயந்திரங்களின் பாகங்களும் கலந்திருக்கின்றன. மோட்டார்கள் குறைந்த மின்னழுத்தத்தில் மெதுவாக ஓடுபவை. ஒன்று தண்ணீரை மண்வெட்டியால் அள்ளுவதுபோல அள்ளும், இன்னொன்று சல்லடையில் பிடித்து ஒழுகவிடும். வானளாவப் பீய்ச்சுவது எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் பனிக்கட்டி படிந்து உருவமே மாறிவிடும், அதைப் பார்க்கவும் கூட்டம் வரும்.

இதே டாங்கிலி, நிக்கி தெ சான் ஃபால் என்ற சிற்பியோடு சேர்ந்து 1983இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றைச் செய்தார். அதில் 16 உருவங்கள். தொட்டிக்கு நேர் கீழே ஓர் இசை ஆய்வு நிலையம் இருப்பதால் அதிக எடை ஏற்ற முடியாது, ஆகவே தண்ணீரின் ஆழத்தைக் குறைத்தார்கள். இடம் என்ன அனுமதிக்கிறதோ அதற்குள்தான் சிற்பம். அதுவும் காலப்போக்கில் தேய்ந்து, 2023இல் முழுமையாகப் பழுதுபார்த்த பிறகுதான் பழையபடி ஓட ஆரம்பித்தது. பாரிஸ் மாதிரி நகரத்துக்கே நாற்பது வருடத்தில் இந்தக் கதி என்பதையும் மனதில் வையுங்கள்.

இந்த இரண்டையும்விட நம் மலைக்கு நெருக்கமானது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இருக்கிறது. ரிச்சர்ட் ஹியூஸ் என்பவர் வடிவமைத்து 1967இல் வைத்தது. கம்பங்களில் வெவ்வேறு உயரத்தில் 20 எவர்சில்வர் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் மெதுவாக நிரம்பும், ஓர் அளவு வந்ததும் கிண்ணம் சட்டென்று கவிழ்ந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டுத் திரும்ப நிமிரும். எது எப்போது கவிழும் என்று சொல்ல முடியாது. ஹியூஸ் கப்பல் கட்டும் துறையில் பயின்றவர், எடை எங்கே சாயும் என்ற கணக்கு அவருக்குக் கைப்பழக்கம். இதில் கவனிக்க வேண்டியது, கிண்ணங்களை ஆட்ட ஒரு மோட்டார்கூட இல்லை. தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு மட்டும்தான் இயந்திரம். நியூசிலாந்தின் வெலிங்டனிலும் 1969 முதல் இதே வகையில் ஒரு வாளி நீரூற்று இருக்கிறது. போகிறவர் வருகிறவரை நனைப்பதில் அது பேர்போனது. (பேச்சோடு பேச்சாக: அலெக்சாண்டர் கால்டர் 1937இல் பாரிஸ் கண்காட்சிக்குத் தண்ணீருக்குப் பதில் பாதரசம் ஓடும் நீரூற்றைச் செய்தார். இப்போது பார்சிலோனாவில் கண்ணாடித் தடுப்புக்குள் வைத்திருக்கிறார்கள். பாதரச வெப்பமானி ஃபேக்டரியால் மண்ணும் காடும் கெட்டு, 2001இல் அது மூடப்பட்டதைக் கண்ட கொடைக்கானல்காரர்களிடம் இதை ரசனையோடு விவரித்துவிடாதீர்கள்.)

இனி நம் மலைக்கு வருவோம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது எட்டு மீட்டருக்குச் சற்றுக் கீழே. கொடைக்கானலில் ஏறக்குறைய எட்டு, குன்னூரில் கொஞ்சம் கூட. பம்பு தண்ணீரை இழுக்கிறது என்கிறோம், உண்மையில் வெளியே இருக்கும் காற்றழுத்தம்தான் தண்ணீரைப் பம்புக்குள் தள்ளுகிறது. அந்தத் தள்ளும் சக்தியில் இங்கே கால்பங்கு குறைவு. ஒரு விடுதியில் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து, சமவெளியில் வைக்கிற அதே கணக்கில், சம்ப்புக்கு ஆறு மீட்டர் மேலே மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்தது) வைத்துவிட்டுப் போனார். ஆன் செய்தால் ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம். கழற்றிப் பார்த்தபோது, பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் ஓரமெல்லாம் புழு அரித்ததுபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. தண்ணீருக்குள்ளேயே குமிழி உண்டாகி, உடைந்து, உலோகத்தை அரித்த வேலை அது. நீரூற்று ஆறு மாதத்தில் நிற்பதற்கு மலையில் இது ஒரு முக்கியக் காரணம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீர்வும் எளிது: தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் சப்மெர்சிபிள் பம்பு போடுங்கள், அல்லது பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குழி அறையில் வையுங்கள். இன்னொன்று, சாதாரண மோட்டார்களில் குறித்திருக்கும் சக்தி அளவு 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான் செல்லும். அதற்கு மேலே காற்று லேசாகிவிடுவதால் மோட்டார் சரியாகக் குளிராது. இங்குள்ள குளிர் அதை ஓரளவு ஈடுகட்டும். இருந்தாலும் ஒரு அளவு பெரிய மோட்டாராக வாங்குவது நல்லது.

அடுத்தது காற்று. பீய்ச்சும் நீரூற்றில் தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறதோ, குறைந்தது அவ்வளவு தூரத்துக்காவது தொட்டியின் விளிம்பு தள்ளி இருக்க வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்வது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூலையில் ஊட்டியில் அது போதாது. நாலு மீட்டர் பீய்ச்சினால் பாதி சாலையில் விழும். பகலிலேயே ஸ்வெட்டர் போட்டிருக்கும் ஊரில் யாரையாவது நனைத்தால் வெலிங்டன்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு போக மாட்டார்கள். அதோடு மேகம் இறங்கிவிட்டால் கலர் லைட்டும் இசை நீரூற்றும் வெறும் கலங்கல் வெளிச்சமாகத்தான் தெரியும். அதற்கு எதற்கு அத்தனை நாசில், அத்தனை வயர் என்று எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. கனமாகக் கொட்டும் தண்ணீர் அப்படியல்ல. மூடுபனியில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குக் கேட்கும்.

அதனால்தான் கவிழும் வாளி என்கிறேன். அதன் சூட்சுமம் முழுக்க அச்சு எங்கே இருக்கிறது என்பதில்தான். வாளி காலியாக இருக்கும்போது அதன் எடையின் மையம் அச்சுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். அப்போது தானாக நிமிர்ந்து நிற்கும். வாளியின் வாய்ப்பக்கம் அகலமாக, முன்னால் துருத்திக்கொண்டு இருந்தால், தண்ணீர் ஏற ஏற எடை மேலேயும் முன்னேயும் நகரும். அச்சைத் தாண்டிய நொடியில் கவிழும். கொட்டிய பிறகு அடியில் வைத்த எதிர் எடை அதைத் திரும்ப இழுத்து நிறுத்தும். 12 லிட்டர் வாளிக்கு நொடிக்கு 200 மில்லி விட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை கவிழும். பக்கத்து வாளி 17 லிட்டர், அதற்கடுத்தது 9 லிட்டர் என்று வைத்தால் தாளம் ஒன்றோடொன்று சேராமல் மாறிக்கொண்டே இருக்கும். மழைமானியில் இதே வித்தையைச் சிறிதாகப் பார்க்கலாம். வாளி திரும்பி வந்து இடிக்கிற இடத்தில் கனமான ரப்பர் கட்டை கட்டாயம், பழைய கன்வேயர் பெல்ட் துண்டே போதும். இல்லாவிட்டால் வெல்டிங் விடும், அக்கம்பக்கத்து வீடுகளில் தூக்கமும் போகும். அச்சுக்குப் பால் பேரிங் வேண்டாம், ஈரத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். வெண்கல புஷ்ஷோ (அச்சு உள்ளே சுழலும் குழல்), தண்ணீரே மசகாக வேலை செய்யும் கெட்டி பிளாஸ்டிக் புஷ்ஷோ போடுங்கள். தேய்ந்தால் உள்ளூர் லேத்திலேயே கடைந்துகொள்ளலாம். மாற்றுப் பாகத்துக்கு ஜெர்மனிக்கு மெயில் அனுப்ப வேண்டியதில்லை.

உறைபனியைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். நவம்பர் வாக்கில் நீர்ப்பனி, பிறகு டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுக்கும் உறைபனி என்று நமக்குப் பழகியதுதான். பாசலில் போலப் பகலிலும் நிலைத்து நிற்கும் பனிக்கட்டி இங்கே வராது, சூரியன் வந்ததும் கரைந்துவிடும். ஆனால் வெளியே தெரியும் மெல்லிய குழாயில் தண்ணீர் தங்கி இரவில் உறைந்தால் பிரச்சினைதான், ஏனென்றால் தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். குழாயின் தாழ்ந்த முனையில் ஒரு வடிகால் வால்வும், ஒவ்வொரு வாளியின் அடியில் 3 மில்லிமீட்டர் துளையும் இருந்தால், பம்பை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் எல்லாம் காலியாகிவிடும். அந்தத் துளை வழியாக ஒழுகுவது ஓடும்போது பொருட்டே இல்லை. கொசு முட்டையிடவும் தண்ணீர் தேங்காது.

தண்ணீரின் குணத்தில் மலைக்கு ஒரு லாபமும் ஒரு நட்டமும் உண்டு. சமவெளியில் நாசிலை அடைத்து நீரூற்றைக் கொல்வது உப்புப் படிவுதான். இங்கே தண்ணீர் மென்மையானது, அந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஆனால் அதே மென்மையான தண்ணீர் சிமெண்ட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்தெடுக்கும், சாதாரண இரும்பைச் சீக்கிரம் அரிக்கும். குளோரின் போடுவீர்கள் என்பதால் எவர்சில்வரிலும் 304 தரத்துக்குப் பதில், குளோரினை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரம் வாங்குவது மேல். பாசி பிடிப்பதைத் தடுக்க முடியாது, தேய்த்துத்தான் ஆக வேண்டும். நுண்ணிய தூவல் வழியாக நுரையீரலுக்குப் போகும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில்தான் நன்றாகப் பெருகும். நம் குளிர்ந்த தண்ணீரும், தூவாமல் கொட்டும் முறையும் அந்த ஆபத்தைக் குறைக்கின்றன. ஆனால் அடியோடு போக்கிவிடாது.

"குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம், இதில் நீரூற்றா?" என்று கோடையில் யாராவது கேட்பார்கள். குன்னூரில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்வி நியாயமானது என்றே சொல்வேன். இது திரும்பத் திரும்ப அதே தண்ணீரைச் சுற்றவிடும் அமைப்புதான். 20 சதுர மீட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால் 80 லிட்டர், தெறிப்பதையும் சேர்த்தால் அதைவிடக் கூடும். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் ஒரு மீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர் விழுகிறது, அதில் முக்கால்வாசியைப் பிடித்தாலே வருடம் முழுக்கப் போதும். நகராட்சிக் குழாயிலிருந்து இணைப்பே கேட்காதீர்கள். மழைநீரில் மட்டும் ஓடும், தொட்டி வற்றினால் நிற்கும் என்று பலகையில் எழுதிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அது நின்று கிடந்தால் ஊருக்கு அதுவும் ஒரு தகவல்தான். மின்சாரத்துக்கும் கணக்குச் சொல்கிறேன்: நொடிக்கு 5 லிட்டர் தண்ணீரை 5 மீட்டர் ஏற்ற, பம்பின் இழப்புகளையும் சேர்த்து அரை கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஒரு குதிரைசக்தி மோட்டார். எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட்டுக்குள். நீரூற்றை நிறுத்துவது கரண்ட் பில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிற்பத்தின் விலையை மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அது சிற்பியைப் பொறுத்தது.

இடத்தைப் பற்றி எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. சேரிங்கிராஸில் ஏற்கெனவே 1881இல் ஊட்டியில் இறந்த சென்னை ஆளுநர் ஆடம் நினைவாகக் கட்டிய நீரூற்று நிற்கிறது. அதைச் சுற்றி வண்டிகள் நகர்ந்துகொண்டே இருக்கும், யாரும் நின்று பார்க்க வழியில்லை. அசையும் சிற்பத்துக்கு எதிரே மனிதன் மூன்று நிமிடமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாளி கவிழ்வதை அவன் பார்க்கவே மாட்டான். நம் மலைகளில் மக்கள் வேறு வழியில்லாமல் காத்திருக்கும் இடம் குன்னூர் ரயில் நிலையம். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இஞ்சின் தள்ளிவரும் வண்டிக்கு அங்கே டீசல் இஞ்சின் மாற்றுவார்கள், பயணிகள் இறங்கி நிற்பார்கள். அந்த நீராவி இஞ்சின்களின் பழைய வரிசை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தது, டாங்கிலியின் நாட்டுச் சரக்கு. இன்னொரு இடம் 1874இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்கா. ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலேயே பூங்கா இறங்குகிறது, கீழே குளம். மேலே இயற்கையாக ஓடிவரும் தண்ணீர் கிடைக்கும் சரிவு என்றால் பம்பே வேண்டாம். நொடிக்கு ஒரு லிட்டர் 10 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி சுமார் 100 வாட், அதில் பாதி கைக்கு வந்தாலும் ஒரு சிற்பத்தை மெதுவாக ஆட்டப் போதும்.

ஆட்டுவதற்கு என்ன இருக்கிறது என்றால், எனக்கு உடனே நினைவுக்கு வருவது தேயிலையை உருட்டித் திரிக்கும் பழைய ரோலர். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திரம் வந்த பிறகு எத்தனையோ ஃபேக்டரிகளில் அவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. பித்தளைப் பட்டைகள் பதித்த வட்ட மேஜை, அதன்மேல் கிராங்குகள் தாங்கும் ஒரு பெரிய உருளைப் பெட்டி. அந்தப் பெட்டி வட்டமாகச் சுற்றி வரும், ஆனால் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளாது. எந்தப் பக்கம் உங்களைப் பார்த்து இருந்ததோ அதே பக்கம் கடைசிவரை உங்களைப் பார்த்தபடியே ஊரும். பாசலில் மேடைச் சாமானைச் சிற்பமாக்கியதுபோல, இலையில்லாமல் தண்ணீரை வைத்துக்கொண்டு இது சுற்றுவதை யாராவது ஒரு சிற்பி செய்து காட்டினால் நானே போய் வரிசையில் நிற்பேன்.

ஆபத்தான விஷயம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலைச்சரிவில் தொட்டி கசிந்தால் தண்ணீர் வீணாவதோடு முடியாது. அது மண்ணுக்குள் இறங்கி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை நினைவிருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொட்டிய மண்ணின்மேல், தடுப்புச்சுவரின் தலையில் தொட்டி கட்டவே கூடாது. மண் பரிசோதனை, அனுமதி, மலைப்பகுதிக் கட்டட விதிகள் எல்லாம் என் தொழிலுக்கு வெளியே. கட்டமைப்புப் பொறியாளரிடமும் நகராட்சியிலும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். மின்சாரத்தில், தொட்டிக்குள் இருக்கும் விளக்கு, மோட்டார் எல்லாம் 12 வோல்ட்டாக இருக்கட்டும். 230 வோல்ட் பம்பு வைத்தால் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பான் இல்லாமல் இயக்கக் கூடாது. குழந்தைகள் கை வைக்கத்தான் செய்வார்கள். குரங்கும் வரும். கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ என்றால் காட்டெருமை வந்து குடித்துவிட்டு, கம்பத்தில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போகும். கிட்டத்தட்ட ஒரு டன் எடையுள்ள விருந்தாளி என்று வைத்து கம்பத்தின் கனத்தை முடிவு செய்யுங்கள்.

அப்புறம், நின்றுபோவதற்கான மற்றொரு காரணம். இது கணக்கில் வராத என் அபிப்பிராயம்தான்: செய்வதற்கு டெண்டர் விடுகிறார்கள், வாரம் ஒருமுறை போய் இலைகுப்பையை அள்ளி, புஷ்ஷைத் தொட்டுப் பார்த்து, சத்தம் வழக்கத்திலிருந்து மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க ஒரு ஃபிட்டரை நியமிப்பதில்லை. மலை ரயிலின் பழைய இஞ்சின்கள் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் அவற்றுக்கென்றே பணிமனையும் ஆட்களும் இருந்ததுதான். உங்கள் குழுவுக்குப் பணம் சேர்ந்தால், அந்த ஆளின் சம்பளத்தை முதலில் வங்கியில் வைப்பு போட்டுவிட்டு, மிச்சத்தில் எத்தனை வாளி வாங்கலாம் என்று பாருங்கள். இருபது வைக்க முடியாவிட்டால் ஐந்து வையுங்கள்.

சிற்பியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யலாம். பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைச் சாய்வாக வெட்டி, இரண்டு பக்கமும் துளையிட்டு ஒரு ஜிஐ பைப்பை அச்சாகச் செருகி, நீங்கள் நினைத்திருக்கும் இடத்திலேயே ஒரு ஹோஸ் பைப்பால் நிரப்பிப் பாருங்கள். அச்சை ஓரிரு அங்குலம் மேலே கீழே மாற்றினால் கவிழும் குணம் எப்படி மாறுகிறது என்று தெரியும். ஜூலையில் காற்றடிக்கும் ஒரு நாளிலும் ஜனவரியில் ஒரு காலையிலும் தெறிப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுகளை இங்கே எழுதினால், தொட்டியின் அகலத்தையும் பம்பின் அளவையும் நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.